குடம் நிறைந்த பிறகே நல்ல செய்தி

களர்முனையில் குழாய் வற்றிய பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி வாக்கில், அரியமுத்துவின் மனைவி பூமயிலின் உள்ளங்கைகளிலிருந்து நல்ல தண்ணீர் வரத் தொடங்கியது. முதலில் விரல் நுனிகளில் துளிர்த்து, பிறகு மணிக்கட்டு வழியாக இறங்கி, படுத்திருந்த பாயை நனைத்து, சிமெண்டுத் தரையில் பரவி, வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தெருவில் அந்த ஈரத்தை முதலில் பார்த்தவள் அரியமுத்துவின் அக்காள் தங்கபுஷ்பம்.

"எவட்டி தண்ணியக் கொட்டுனது? ஊரே தொண்டை காஞ்சு கெடக்கு, இங்க எவளோ தெருக் கழுவுதா!"

கத்திக்கொண்டே ஈரத்தின் தடம் பிடித்து உள்ளே வந்தவள், தம்பி மனைவியின் கையைப் பார்த்தாள், ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், "உப்பு இல்ல" என்றாள், போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் நெடுஞ்சாலை, எங்கே தோண்டினாலும் உவர்நீர், ஆறு நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர் என்று இருந்த ஊர் அது. ஆகவே கையிலிருந்து தண்ணீர் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை குடம் வரும் என்றுதான் கேட்டார்கள்.

பூமயிலுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினாறு வயதிலிருந்து வெயிலில் நின்று உப்பு வாரியவள், தலைச்சுமைக்கு அஞ்சாதவள், அளத்தில் அவள் வேகத்துக்குக் கூடை தூக்க ஆண்களே தயங்குவார்கள் என்று பேர் எடுத்தவள். போன ஐப்பசியில் மழைக்கு அளம் மூடியபோது படுத்தாள், தையில் அளம் திறந்தபோது எழுந்திருக்கவில்லை. ஊர் காரணம் தேடியது. அரியமுத்து குடிக்கிறவன் இல்லை, ஒரே மகள் செல்வக்கனி திருப்பூரில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள், வீட்டில் சாவு எதுவும் விழவில்லை. கயிறு கட்டிப் பார்த்தார்கள், வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள், காரணம் கிடைக்காததால் கடைசியில் கொழுப்பு என்று முடிவு செய்தார்கள்.

அவளுக்குள் நடந்தது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. எழுந்து பல் விளக்குவது நாற்பது கூடை உப்புச் சுமப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது, சோறு மண்ணாக இருந்தது, மகளின் குரல்கூடத் தூரத்தில் யார் வீட்டிலோ ஓடும் டிவிபோலக் கேட்டது, இன்றைக்கு விடியாமலே இருந்திருக்கலாம் என்று தினமும் தோன்றியது. அப்படிக் கட்டையாகக் கிடந்த அதே உடம்பு, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் தூக்கிப்போட்டது. மோட்டார் பைக் வாசலில் நின்றால் மூச்சு முட்டியது. போன் மணி அடித்தால் அடிவயிறு இறங்கி நெஞ்சு தடதடத்து உள்ளங்கை நனைந்தது. ஏதோ நடக்கப்போகிறது, இதோ, அடுத்த நிமிஷத்தில். என்ன நடக்கப்போகிறது என்று மட்டும் தெரியாது.

"செத்தாத் தேவலைங்குத, பல்லி விழுந்தாலும் அலறுத" என்பாள் தங்கபுஷ்பம். "சாகத் துணிஞ்சவளுக்கு என்னட்டி பயம்? ரெண்டுல எது நிசம்னு ஒரு முடிவுக்கு வா, அதுக்குத் தக்கன வைத்தியம் பாப்போம்."

இரண்டும் நிஜம் என்று பூமயில் சொல்லியிருப்பாள். வாயைத் திறக்கத் தெம்பில்லை.

தண்ணீர் வந்த ஒரு வாரத்தில் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. பூமயிலைப் பாயிலிருந்து எழுப்பி, முன்னறை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே கல்யாணப் பந்தி அண்டா ஒன்றை ஸ்டூல்மேல் வைத்து, வெல்டிங் கடையில் கொடுத்து அதன் அடியில் ஒரு குழாய் பொருத்தி, குழாயை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு விட்டார்கள். பெயிண்டில் பெயர் எழுதிய குடங்கள் வாசலிலிருந்து ரேஷன் கடை வரை நின்றன, வர முடியாதவர்கள் குடத்துக்குப் பதில் செருப்பை வைத்து இடம் பிடித்தார்கள். பஞ்சாயத்து தகரக் கொட்டகை போட்டது. தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்து, மோட்டார் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் 'மின் இணைப்பு தேவையில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பரிசோதனைக்குப் போன பாட்டில் 'குடிக்க உகந்தது' என்ற சீட்டோடு திரும்பியது. சீட்டின் பேரில் லாரித் தண்ணீரை வேறொரு ஊருக்கு மாற்றினார்கள், களர்முனையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு நாளிதழின் பகுதி நிருபர் போட்டோ எடுத்துப் போனார், அன்று விளம்பரம் கூடுதலாக இருந்ததால் செய்தி வரவில்லை. டீக்கடையில் டீயின் ருசி கூடியது என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை.

தண்ணீர் ஒரேயடியாக வருவதில்லை, கூடும் குறையும் என்பதை வரிசையில் நின்ற பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒருநாள் யாரோ ஒருத்தி குடத்தை வைத்துக்கொண்டே, திருப்பூர்ப் பக்கம் பஸ் கவிழ்ந்துவிட்டதாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் அண்டா நிரம்பி வழிந்து, குழாய் பீறிட்டு, பின்னால் நின்ற ஒன்பது குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்தன. நிறைந்த பிறகு அவளுக்கே பாவமாகிவிட்டது. "பஸ்ஸுல யாருக்கும் ஒண்ணும் ஆவலையாம்க்கா, பயப்படாதிய" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து அது முறையானது. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வைத்து, முறை வந்த வீட்டுக்காரி பூமயிலிடம் ஒரு கெட்ட செய்தி கொண்டு வர வேண்டும். களர்முனைக்காரர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல, ஆகவே கட்டுப்பாடுகளும் வகுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது. சாவுச் செய்தி சாதாரண நாளில் கூடாது, விசேஷங்களுக்கு மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, குடம் நிறைந்ததும் அந்தச் செய்தியின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்: காய்ச்சல் என்று சொன்னவள் ஊசி போட்டதும் இறங்கிவிட்டது என்றும், புயல் சின்னம் என்று சொன்னவள் அது ஆந்திராப் பக்கம் போகிறது என்றும் சொல்லாமல் குடத்தை எடுக்கக் கூடாது. அப்படிச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் பாவம் இல்லை என்று அவர்கள் மனதார நம்பினார்கள்.

பூமயிலின் காது நல்ல செய்தியையும் கேட்டது. ஆனால் உடம்பு முதல் செய்தியோடு நின்றுவிட்டிருந்தது. பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் பஸ் உள்ளே கவிழ்ந்துகொண்டே இருந்தது, காய்ச்சல் இறங்கிய பிறகும் இறங்காமல் இருந்தது. சாயங்காலம் வரிசை கலைந்து நாற்காலியிலிருந்து பாய்க்குத் திரும்பும்போது, அன்றைக்குக் கேட்டதும் முந்தாநாள் கேட்டதும் போன மாதம் கேட்டதும் எல்லாம் நடந்து முடிந்துவிட்டதுபோலக் கை கால் ஓய்ந்து கிடப்பாள்.

இருந்தும் அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது, அதை அரியமுத்துவிடம்கூடச் சொன்னதில்லை. ஐப்பசியிலிருந்து தான் எதற்கும் ஆகாதவள் என்ற எண்ணம் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இப்போது ஜன்னலுக்கு வெளியே அறுபது குடங்கள் நின்றன. இந்தக் கையை நம்பி அறுபது வீடு உலை வைக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் இருப்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

கிராமச் செவிலியர் மெர்சலின் மாசி மாதம் பிரஷர் பார்க்க வந்தாள். பூமயிலின் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, திரும்பவும் பிடித்தாள்.

"என்னக்கா, உக்காந்த இடத்துல ஓட்டப்பந்தயம் ஓடுதிய?"

"நான் எங்கம்மா ஓடுதேன். எந்திரிக்கவே முடியல."

"அதுதான் எனக்கும் புரியல. வர்ற புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வாராங்க. அண்ணாச்சிய லீவு போடச் சொல்லுங்க."

டாக்டர் வயதில் செல்வக்கனியைவிட நாலைந்து வருஷம் மூத்தவளாக இருப்பாள். பூமயிலின் கைக்குக் கீழே ஒரு எவர்சில்வர் பேசினை நகர்த்தி வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தாள். தூக்கம், பசி, சாக வேண்டும் என்ற நினைப்பு, அப்படி ஏதாவது செய்யத் தோன்றியதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூமயில் அவளால் முடிந்த அளவு சொன்னாள்.

"எதுலயும் எனக்கு ஆசை இல்லம்மா. நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னே தோணல. ஆனா நாளைக்கு என்ன ஆவுமோன்னு நெஞ்சு அடிக்கி. ரெண்டுல எது நிசம்னு எங்க மைனி கேக்காவ."

"ரெண்டும் நிஜம்தான்" என்றாள் டாக்டர். "மனச்சோர்வுன்னு ஒரு வியாதி. அது வந்தவங்கள்ல நிறையப் பேருக்குக் கூடவே பதற்றமும் வருது. ஒண்ணு உங்களக் கீழ அமுக்குது, இன்னொண்ணு எழுந்து ஓடுன்னு விரட்டுது. ஒரே நேரத்துல ரெண்டும் நடந்தா உடம்பு என்ன செய்யும்? கொழுப்புன்னு யாராவது சொன்னாங்களா?"

பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள். பேசின் நிரம்பியிருந்தது. டாக்டர் எழுந்து போய் அதை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாத்திரை தர்றேன். மூணு நாலு வாரம் ஒண்ணும் தெரியாது. முதல்ல படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடலாம். விட்டுடக் கூடாது. யார் சொன்னாலும்."

நாலாவது வாரம் ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்த வாசனை வந்தது. பூமயில் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் குக்கர் விசில் அடித்தது, அவள் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தனக்கு ஏதோ ஆகிறது என்று அவள் உணர்வதற்கு முன்பே ஊர் உணர்ந்துவிட்டது. தொண்ணூறு குடம் அறுபதாகி, அறுபது நாற்பதாகியிருந்தது.

சித்திரையில் முப்பிடாதி அம்மன் கோவில் கொடைத் திருவிழா. மூன்று நாள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். இரண்டாம் நாள் பொங்கலுக்கும் சமையலுக்கும் குளிப்புக்கும் சேர்த்து நானூறு குடம் தேவை என்று கமிட்டி கணித்தது. கமிட்டித் தலைவர் பொன்னுலிங்கம் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார்.

"ஆத்தா, நாங்க ஒன்னக் கட்டாயப்படுத்தல. கொடை முடியிற வரைக்கும், ஒரு பதினஞ்சு நாள். பொறவு நீ மாத்திரையத் தின்னு, டானிக்கக் குடி, யார் கேக்கா?"

அரியமுத்து, "டாக்டரம்மா விடக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தான்.

"டாக்டரம்மாவா நம்ம ஊருக்குத் தண்ணி ஊத்துவாவ?" என்றார் பொன்னுலிங்கம். "லாரியும் நின்னு போச்சு. இனி மனு எழுதி, கையெழுத்து வாங்கி, அதிகாரி மாறி, அடுத்த கொடைக்குத்தான் வரும்."

அரியமுத்து மனைவியைப் பார்த்தான். பூமயில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காலிக் குடங்கள் வெயிலில் நின்றன, யாருடைய செருப்போ ஒன்று இரண்டு குடங்களுக்கு நடுவே காத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றுவிட்டால் இந்தத் தெருவுக்குத் தான் யார் என்று யோசித்தாள். மாத்திரை டப்பாவை எடுத்துத் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்து, "கொடை முடிஞ்சதும் குடுங்க மைனி" என்றாள்.

கொடையின் இரண்டாம் நாள், செய்தி சொல்லும் முறை தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு விழுந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பூரிலிருந்து மருமகன் அரியமுத்துவுக்குப் போன் செய்தான். செல்வக்கனியைப் பிரசவ ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது என்றான். ஆறரை மணிக்கு மேளம் தொடங்கியபோது தங்கபுஷ்பம் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு அதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அண்டா அன்று வழிந்ததுபோல் என்றும் வழிந்ததில்லை. இரண்டாவது குழாய் போட்டார்கள், மூன்றாவதும் போட்டார்கள். தெருவில் சீரியல் பல்பும் மாவிலையும் தொங்க, வந்திருந்த பெண்கள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடங்களைத் தூக்க, பூமயில் மூச்சுக்கு அலைந்தபடி இரு கைகளையும் அண்டாவின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நூறு குடம் ஆனது, நூற்றைம்பது ஆனது. அரியமுத்து இரண்டு தடவை வாசல் வரை வந்தான்.

"ஏங்க, போன் வந்துச்சா?"

"வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அவன் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் இருபது குடம் நிறைந்தது.

பூமயிலின் மனம் அதற்குள் மகளைப் பாடையில் ஏற்றி, குழந்தையைப் பக்கத்தில் கிடத்தி, மருமகனின் தாயார் என்ன சொல்லி அழுவாள் என்பது வரைக்கும் போய்விட்டிருந்தது. இருநூற்று நாற்பதாவது குடம் வைக்கப்பட்டபோது அவள் ஈரக் கையால் தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மைனி. அவ செத்துட்டான்னா சொல்லிருங்க."

"ஏ பிள்ள, என்ன பேச்சுப் பேசுத..."

"சொன்னா இன்னும் நெறையத் தண்ணி வரும் மைனி. நானூறும் நெறஞ்சிரும். நெறச்சுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்டச் சொல்லிருங்க."

தங்கபுஷ்பம் யாருக்கும் அழுது பழக்கமில்லாதவள். புருஷன் செத்தபோதுகூடப் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பொண்ணு பெறந்திருக்குட்டி" என்றாள். "தாயும் பிள்ளையும் நல்லாருக்காவ."

கோவிலில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"எப்பம்?" என்றாள் பூமயில்.

தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பம் பெறந்துச்சு மைனி?"

"ஆறேகாலுக்கு."

பூமயில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. ஜன்னலுக்கு வெளியே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரியமுத்து காலையிலேயே கல்கண்டு வாங்கி வரிசை முழுவதற்கும் கொடுத்திருந்தான் என்பதும், அதை வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் ஆறு மணி நேரமாக அவர்கள் நின்றிருந்தார்கள் என்பதும், யாரும் சொல்லாமலே அந்த முகங்களிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் தப்புச் செய்ததாகவே நினைக்கவில்லை. குடம் இன்னும் நிறையவில்லை, அவ்வளவுதான்.

அவள் கைகளை அண்டாவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் நிற்கவில்லை, சேலையில் இறங்கித் தரையில் ஓடியது.

"மாத்திரையக் குடுங்க."

தங்கபுஷ்பம் இடுப்பில் செருகியிருந்த டப்பாவை எடுத்தாள்.

வெளியே இருந்து ஒரு குரல், அதட்டலாக இல்லை, கெஞ்சலாகத்தான், "இன்னும் நூத்தி அறுபது குடம் கெடக்கேக்கா" என்றது.

"கெடக்கட்டும்" என்றாள் பூமயில்.

அன்று பொங்கலுக்கு மிச்சத் தண்ணீர் பக்கத்து ஊரிலிருந்து லோடு ஆட்டோவில் வந்தது. கொஞ்சம் உவர்ப்பாகத்தான் இருந்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. கொடை முடிந்த மறுநாள் பொன்னுலிங்கம் மனு எழுதலாம் என்றார். "நீரு எழுதிக்கிட்டே இரும்" என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் எழுபது பெண்களையும் எழுபது காலிக் குடங்களையும் கூட்டிக்கொண்டு போய் நெடுஞ்சாலையின் குறுக்கே உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் பஸ் போகவில்லை. களர்முனைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்று பதிவாகியிருக்கிறதே என்று அதிகாரி கேட்டபோது, "அது ஒருத்தியோட வியாதிங்க, அதையா எழுதி வச்சிருக்கிய?" என்று அவள் கேட்டது மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்தது.

பூமயிலின் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். ஊரில் சிலர் அவளோடு பேசுவதை விட்டார்கள், ஊருக்கு உதவாத கை என்று காதில் விழும்படி சொன்னவர்களும் உண்டு. அவள் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்கள் இருந்தன, எழுந்த நாட்களும் இருந்தன. அரியமுத்து மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மாதம் ஒரு புதன்கிழமை வேலையை விட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினான், டாக்டர் அறை வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் நின்றான். எட்டு வாரம் கழித்து அவள் உள்ளங்கை, வெயில் காலத்தில் யார் உள்ளங்கையும் நனையும் அளவுக்குத்தான் நனைந்தது.

வாரம் இரண்டுமுறை லாரி வரத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, பூமயில் தன் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். நாற்பதாவது குடத்துக்குப் பின்னால் வைத்தாள். யாரும் அவளுக்கு வழிவிடவில்லை, யாரும் அவளிடம் எந்தச் செய்தியும் சொல்லவில்லை. லாரியின் குழாய் திறந்து வரிசை நகர்ந்தது, இருபது ஆனது, முப்பது ஆனது, முப்பத்தைந்தாவது குடத்தில் தண்ணீரின் வேகம் குறைந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் முறை வருமுன் தீர்ந்துவிடுமோ என்று பயம் வந்தது. முன்னால் நின்றவள் எட்டி லாரியைப் பார்த்தாள், பின்னால் நின்றவளும் எட்டிப் பார்த்தாள், பூமயிலும் எட்டிப் பார்த்தாள்.